வியட்நாமிய உணவகம் தொடர்பான அறிவித்தல்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

எமது ஒன்றுகூடலுக்கு, யாழ் நகரில் புதிதாகத் திறக்கப்பட்டுள்ள வியட்நாமிய உணவகத்தைப் பலரும் முன்மொழிந்தபடியால், ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே அங்கு சென்று உணவருந்திப் பார்த்தோம். ஏமாற்றமே மிஞ்சியது.

‘ஃபோ’ என்பது எலும்பைப் பல மணி நேரம் மெல்லிய தீயில் அவியவிட்டு, சுட்ட இஞ்சி, வெங்காயம், கறுவா, அன்னாசிப்பூ சேர்த்து இறக்கிய தெளிந்த சாற்றில் அரிசி நூடில்ஸ் இட்டுப் பரிமாறும் உணவு. அதன் உயிரே அந்தச் சாறுதான். எங்களுக்கு வந்த கோழி ஃபோவிலோ சூப் கட்டி கரைத்த உப்பு நீரே இருந்தது. அதுவும் ஆறிப்போய், மேலே எண்ணெய் திட்டுத்திட்டாக மிதந்தது. நூடில்ஸும் கோதுமை மாவில் செய்த பைக்கற் நூடில்ஸ். பயறு முளையோ பச்சை இலைகளோ வைக்கப்படவில்லை; கேட்ட பிறகு ஒரு துண்டுத் தேசிக்காய் வந்தது. (வீட்டுச் சொதி இதைவிட மணக்கும்.) பாணுக்குள் இறைச்சி, மரக்கறி வைத்துத் தரும் ‘பான் மி’யில் பாண் மட்டும் நன்றாக இருந்தது.

பரிமாறிய பிள்ளைகள் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள், குறை சமையலறையில்தான். விலைப்பட்டியலில் குறிப்பிடப்படாத சேவைக் கட்டணமும் சிட்டையில் சேர்க்கப்பட்டிருந்தது.

ஆகவே ஒன்றுகூடல் வழமையான இடத்திலேயே நடைபெறும். மரக்கறி உணவு வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன்னர் இக்குழுவில் அறியத்தரவும்.