இலை உலர்த்தும் மின்கருவியின் வெப்பக் கோளாறு குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மின் உலர்த்தி காட்டும் வெப்பம் தவறாக இருப்பது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். காரைக்குடியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் விளையும் துளசியை ஆண்டு முழுவதும் கஷாயத்துக்காக உலர்த்திச் சேமித்து வருகிறோம். மற்ற நாட்களில் வளவுத் தாழ்வாரத்து நிழலே இதற்குப் போதுமானது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முற்றமே ஈரமாகிவிடுவதால்தான் தங்கள் கருவியை வாங்கினோம்.

துளசியின் மணமும் குணமும் இலைப்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளின் எண்ணெயில் இருக்கின்றன. யூஜெனால் என்னும் மணப்பொருள் முதலியவை அடங்கிய அந்த எண்ணெய் சூட்டில் ஆவியாகிவிடும் என்பதால், மணமுள்ள இலைகளை 35 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள் நிதானமாக உலர்த்துவதே முறை. தங்கள் கையேடும் 40 டிகிரியைத்தான் சொல்கிறது. ஆனால் கருவியின் திரை 40 என்று காட்டிக்கொண்டிருந்தபோதே, அடித்தட்டில் வைத்த தனி வெப்பமானி 62 டிகிரியையும் மேல்தட்டில் வைத்தது 34 டிகிரியையும் காட்டின. தட்டுகளை இடம் மாற்றத் தேவையில்லை என்று கையேட்டில் அச்சிட்டிருப்பது எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று விளங்கவில்லை.

விளைவு இதுதான். அடித்தட்டு இலைகள் கறுத்துச் சுருண்டன. கசக்கி முகர்ந்தால் வைக்கோல் வாசம்தான் வந்தது. மேல்தட்டில் இலை மட்டும் மொறுமொறுப்பாக இருந்தது, காம்போ ஒடியாமல் வளைந்தது. அதையும் தாங்கள் குறிப்பிட்ட நேரம் முழுவதும் உலர்த்திய பிறகே கண்ணாடி ஜாடியில் அடைத்தோம். காம்பில் தங்கிய ஈரம் இலைக்குப் பரவி, மூடியின் உட்புறம் நீர் முத்துகளாகப் படிந்து, கணுக்களில் வெண்பூஞ்சை பிடித்துவிட்டது. அடைத்த முதல் வாரம் தினமும் ஜாடியைச் சிறிது நேரம் திறந்து வைப்பது எங்கள் வழக்கம். அப்படிச் செய்தும் காப்பாற்ற முடியவில்லை. பூஞ்சை பிடித்த இலையைக் குழந்தைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்க முடியாது, எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினோம்.

தொலைபேசியில் முறையிட்டபோது, இலையைக் கழுவி ஈரத்தோடு வைத்திருப்பீர்கள் என்று தங்கள் ஊழியர் பதிலளித்தார். ஈர இலை காயத் தாமதமாகலாமே தவிர, ஒரே கருவிக்குள் இரு தட்டுகளுக்கிடையே 28 டிகிரி வேறுபாட்டை உண்டாக்காது. இந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை.

கருவியைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் வழங்க வேண்டும் என்றும், கையேட்டின் தவறான குறிப்பைத் திருத்தி, இதே கருவியை வாங்கிய மற்றவர்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்றும் கோருகிறோம். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவோம். வெப்பமானி அளவுகளின் புகைப்படங்களும் ரசீதின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி.