வௌவால் மரத்தை வெட்டத் தீர்மானித்த நிர்வாகிகளுக்கு

மதிப்பிற்குரிய குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மரத்தை வெட்டும் முன் வௌவால்களை விரட்டுகிறோம் என்று மரத்தடியில் நடந்தது உங்களுக்குத் தெரியும், ஏற்பாடே உங்களுடையதுதானே. நேராகவே கேட்கிறேன்: குட்டிகள் பறக்கும்வரை அந்த மரத்தில் கை வைக்காதீர்கள்.

தகரம் தட்டிப் புகை போட்டதும் வௌவால்கள் கிளம்பின, குட்டிகள் விழுந்தன. பழந்தின்னி வௌவால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும். முதல் சில வாரங்கள் அது தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டே இருக்கும். தாய் மிரண்டு பறக்கையில் பிடி நழுவினால் அவ்வளவுதான். விழுந்த ஒன்றைக் குனிந்து பார்த்தேன். கண் திறந்திருந்தது. கட்டைவிரல் நகம் ஒரு சருகை இறுக்கிப் பிடித்திருந்தது. இதற்குத்தான் இத்தனை பேர் கதவடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ரத்தம் குடிக்குமாம். உலகிலுள்ள 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் வகைகளில் ரத்தம் குடிப்பவை மூன்றே மூன்று, அவையும் லத்தீன் அமெரிக்காவில். தலைமுடியில் சிக்குமாம். தலைக்கு மேல் தாழப் பறக்கும் சிறு வௌவால் நம்மைச் சுற்றும் பூச்சிக்காக வருகிறது. இருட்டில் மெல்லிய கம்பியைக்கூட எதிரொலியால் கண்டு விலகும் பிராணிக்கு உங்கள் தலை தெரியாதா?

நோய்ப் பயம் மட்டும் நியாயம். நிபா, ரேபிஸ் இரண்டும் உண்மை. அதனால்தான் வௌவாலைத் தொடக்கூடாது, அது கடித்த பழத்தைத் தின்னக்கூடாது என்கிறார்கள். நீங்களோ நோய்க்குப் பயந்து விரட்டிவிட்டு, விழுந்த குட்டிகளைத் துப்புரவுப் பணியாளரை வெறுங்கையால் அள்ள வைத்தீர்கள். கையுறைகூடக் கொடுக்கவில்லை. கடியோ கீறலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி உடனே மருத்துவரிடம் போகவேண்டும். அந்தப் பணியாளரிடம் யாராவது கேட்டீர்களா?

தேங்கிய தண்ணீரில் பெருகும் கொசுவுக்கு எதிராக இதுவரை ஒரு தீர்மானம் கிடையாது. தலைகீழாகத் தொங்காததால் கொசு தப்பித்தது போலும்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். குட்டிகள் பறக்கும்வரை மரத்தை வெட்டுவதை நிறுத்தி வையுங்கள். அதுவரை அந்தி நேரத்தில் தள்ளி நின்று, அவை கிளம்புவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பெரியவர்களும் வரலாம். அப்புறம் வனத்துறையினர் ஒருவரை அழைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பணியாளரை மட்டும் இன்றே மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்பில் ஒருவர்