கூட்டு மருந்து தொடங்கியதும் வரும் மூச்சிரைப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

எச்.ஐ.வி. கூட்டு மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலும் இருமலும் வந்தால், "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.

நோய் எதிர்ப்பாற்றலுக்கான ரத்த வெள்ளையணுக்களான சி.டி.4 அணுக்கள் 100-க்கும் கீழே போனவர்களின் நுரையீரலில் கிருமி ஏற்கெனவே பதுங்கியிருக்கலாம். எதிர்ப்பாற்றல் இல்லாததால் வெளியே அதிகம் தெரியாது. மருந்து வேலை செய்து ஆற்றல் திரும்பும்போதுதான் அந்தக் கிருமியோடு மோதல் கிளம்புகிறது, பெரும்பாலும் முதல் 3 மாதங்களுக்குள்.

முதல் சந்தேகம் காசநோய். சளியை, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சி.பி.நாட் அல்லது ட்ரூநாட் கருவியில் பார்த்துவிட வேண்டும். அதில் இல்லை என்று வந்தால் தேடலை முடித்துவிடக் கூடாது. அரிதாக வரும் நோகார்டியா, ரோடோகாக்கஸ் கிருமிகள் சாயப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி ஏற்கும் சாயத்தை அரைகுறையாக ஏற்று, அதைப் போலவே தோன்றலாம். எக்ஸ்ரேயிலும் குழி காட்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சரை 2 நாளில் முடித்துவிடுவார்கள். நோகார்டியா வளர 2, 3 வாரம்கூட ஆகலாம். ஆகவே சளி அனுப்பும் மருத்துவர் சீட்டிலேயே அந்தச் சந்தேகத்தை எழுதிவிடுவது அவசியம்.

நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியா வேறு விதம். வறட்டு இருமல், ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிமீட்டர் 96 காட்டும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை இரண்டு முறை நடக்கவிட்டுப் பாருங்கள். 90-க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இதைத் தடுக்கத்தான் தினம் 960 மி.கி. கோட்ரைமாக்சசோல் தருகிறார்கள். "கூடுதல் மாத்திரைதானே" என்று அதை விட்டுவிடுவது பெரிய ஆபத்து.

தனியார் மருத்துவரிடம் எச்.ஐ.வி.யை மறைத்துவிட்டுக் காசநோய் மருந்து வாங்குவதிலும் சிக்கல் உண்டு. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், கூட்டு மருந்தில் உள்ள டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் 12 மணி நேர இடைவெளியில் இன்னொரு 50 மி.கி. டோலுடெக்ராவிர் வேண்டும், காசநோய் மருந்து முடிந்த பிறகும் 2 வாரம் தொடர வேண்டும். விவரம் தெரியாத மருத்துவர் இதை எப்படி எழுதித் தருவார்? ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியே சொல்ல 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது, தயங்காமல் சொல்லலாம். ஐயமிருந்தால் 1097-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்.

சி.டி.4 100-க்குக் கீழ் உள்ளவர்களை ஒரு மாதம் கழித்து வரச் சொல்லாமல், 2 வாரத்தில் அழைத்து இந்த நடைப் பரிசோதனையைச் செய்ய மாவட்டக் கூட்டு மருந்து சிகிச்சை மையங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

— கூட்டு மருந்து சிகிச்சைப் பணியில் உள்ள மருத்துவர்கள், காரைக்குடி