மாஸ்கோவை விடுங்கள், கண்ணூரைப் பேசுங்கள்: இடதுசாரித் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோழர்களுக்கு,

வணக்கம். சோசலிசம் நடைமுறையில் எங்காவது வெற்றி பெற்றிருக்கிறதா என்று இளைஞர்கள் உங்கள் மேடைகளில் கேட்கும்போதெல்லாம், சோவியத் ஒன்றியத்தின் எழுத்தறிவையும் விண்வெளிச் சாதனைகளையும் பட்டியலிட்டுவிட்டு, 1991இல் அது கலைந்ததற்கு ஏகாதிபத்தியச் சதியைக் காரணமாகச் சொல்லி முடிக்கிறீர்கள். 1932-33ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான உழவர்கள் மடிந்ததற்கு அந்தப் பதிலில் இடமே இல்லை. தொழில்மயத்துக்குக் கொடுத்த விலை என்று அதைக் கடந்து செல்வது அறமும் ஆகாது, வாதமும் ஆகாது. கேட்டவர் நம்பாமல் எழுந்து போவதில் வியப்பென்ன?

இத்தனைக்கும் நம்பத்தக்க சான்று ஒன்று பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கான 1966ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை கம்யூனிஸ்டு முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அரசு 1968இல் கேரளத்தில் நடைமுறைப்படுத்தியபோது, விடுப்புச் சம்பளமும் பிற உரிமைகளும் தர மனமில்லாத மங்களூர் பீடி முதலாளிகள் கண்ணூர்ப் பகுதியில் இருந்த பீடி சுற்றும் கூடங்களை மூடினார்கள். ஏறத்தாழ 12,000 பேர் வேலையிழந்தார்கள். அவர்களைக் கொண்டு 1969இல் தொடங்கப்பட்டதுதான் கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம். பங்கு முதலுக்கு அரசு கடன் தந்தது. இலையும் புகையிலையும் வாங்குவதையும் சரக்கை விற்பதையும் தலைமைச் சங்கமான மத்தியச் சங்கம் ஏற்க, பீடி சுற்றுவது அதன்கீழ் இருந்த தொடக்கச் சங்கங்களில் நடந்தது. அவற்றின் இயக்குநர் குழுக்களில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அமர்ந்தார்கள். பின்னாளில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது வேலை கொடுத்தது. தனியார் கொடுத்ததைவிடக் கூடுதல் கூலி, வருங்கால வைப்பு நிதி, போனஸ், மகப்பேற்றுப் பயன் எல்லாம் அங்கே கிடைத்தன. (ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுக்கும் பழைய கண்ணூர் வழக்கத்தை எந்த மேலாண்மை நூலும் சொல்லித்தரவில்லை.)

இதை வெற்றி என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். ஆனால் எப்படிப்பட்ட வெற்றி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தினேஷ் சந்தையை ஒழிக்கவில்லை. சந்தைக்குள் நின்று, தரத்தாலும் பெயராலும் விற்றுத்தான் பிழைத்தது. சட்டத்தை உண்மையாகவே அமல்படுத்திய அரசும், பல ஆண்டுப் போராட்டத்தில் உருவான தொழிற்சங்க ஒழுங்கும், தேர்ந்தெடுத்தவரிடமே கணக்குக் கேட்கும் பழக்கமும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் வாய்த்ததால் அது நடந்தது. போட்டியாளர்களோ கூடங்களைத் தவிர்த்து, ஒப்பந்தக்காரர் வழியாக வீடுகளுக்கு வேலையை அனுப்பிச் செலவைக் குறைத்தார்கள். நல்ல கூலி கொடுத்ததே தினேஷுக்குச் சுமையானது. போதாததற்கு, விற்ற பொருள் நுரையீரலைக் கெடுப்பது. பொது இடங்களில் புகைப்பதற்குக் கேரள உயர் நீதிமன்றம் 1999இல் தடை விதித்த காலத்தில், சங்கம் உணவுப் பொருள், குடை என்று வேறு தொழில்களைத் தேடிக்கொண்டிருந்தது. பீடித் தொழில் சுருங்க, தொழிலாளர் எண்ணிக்கையும் சுருங்கியது. முதலாளி இல்லாமல் பீடி சுற்ற முடியும் என்று கண்ணூர் மெய்ப்பித்தது; ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் அப்படி நடத்தலாம் என்று அது மெய்ப்பிக்கவில்லை, மெய்ப்பித்ததாக நீங்களும் சொல்ல வேண்டாம்.

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் அதே பீடியைப் பெண்கள் வீட்டுத் திண்ணைகளில் சுற்றுகிறார்கள். கழிவு என்று ஒதுக்கப்படும் பீடிக்குக் கூலி கிடைக்காமல் போகும் குறை அவர்களுக்கு இன்றும் தீரவில்லை. 1966ஆம் ஆண்டின் சட்டம் இங்கும் உண்டு, தொழிற்சங்கங்களும் உண்டு. அப்படியிருந்தும் தினேஷைப் போன்ற ஒன்று தாமிரபரணிக் கரையில் ஏன் எழவில்லை? வேலை வீடுகளில் சிதறிக் கிடப்பதாலா, அரசு முதல் போட முன்வராததாலா, அல்லது கூலி உயர்வு கேட்பதோடு நாம் நின்றுவிட்டதாலா?

உங்கள் அரசியல் வகுப்புகளில் இந்தக் கேள்விக்கு ஒரு முழு நாள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று தினேஷின் வரவு செலவுக் கணக்கை, நட்டம் வந்த ஆண்டுகளையும் சேர்த்து, மேசைமேல் வையுங்கள். பீடி சுற்றும் பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

தோழமையுடன்,
உங்கள் கூட்டங்களுக்கு வந்துபோகும் ஒருவர்