கிண்ணத்தில் தண்ணீர் நிற்கட்டும், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

போன ஞாயிறு போனில் நீ குடியிருக்கிற வீட்டு வண்டியைச் சுற்றிக் காட்டும்போது, கக்கூஸில் தண்ணீர் நிற்கவே மாட்டேங்குது, ராத்திரி நாத்தம் தாங்கலை என்றாயே, அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. எதிர்வீட்டுத் தம்பியை உட்கார வைத்து வீடியோவாகப் பார்த்துத் தள்ளிவிட்டேன். நம் வீட்டில் இருப்பதுபோல அதில் வளைவுக் குழாய் கிடையாது. பெடலை மிதித்தால் அடித்தட்டு விலகி, எல்லாம் நேரே அடியிலுள்ள கழிவு டேங்கில் விழுகிறது. டேங்குக்கும் உனக்கும் நடுவே அந்தத் தட்டைச் சுற்றிய ஒரு ரப்பர் வளையமும், அதன்மேல் நிற்கிற கொஞ்சம் தண்ணீரும்தான். ரப்பர் காய்ந்தாலும் கசியும். அதன் உதட்டுக்கடியில் பேப்பர் துணுக்கோ சுண்ணாம்போ உட்கார்ந்தாலும் கசியும். தண்ணீர் இறங்கிவிட்டால் நாத்தம் மேலே வரத்தான் செய்யும்.

முப்பது வருஷம் மார்க் 2 அடிபம்பு பார்த்தவனுக்கு இது விளங்காதா? அந்தக் காலத்துத் தோல் வாஷரை எண்ணெயில் ஊறப்போட்டுத்தான் மாட்டுவோம். கிண்ணத்திலிருந்து நீதான் எடுத்துக் கொடுப்பாய், பாவாடையெல்லாம் எண்ணெயாக.

முதலில் வண்டியின் தண்ணீர் மோட்டாரை நிறுத்து. பெடல் மேலே வராதபடி எதையாவது முட்டுக் கொடு. கையுறை போட்டுக்கொண்டு, மெத்தென்ற பழைய பிரஷால் ரப்பரின் அடி உதட்டைச் சுற்றிலும் தேய். நீ இருக்கிற அரிசோனா பக்கம் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்கிறார்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் வினிகர் தொட்டுத் தேய். கத்தி, ஸ்க்ரூடிரைவர் கொண்டு சுரண்டாதே. துடைத்துவிட்டுச் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவு. வாசலின் வேண்டாம், டபிள்யூ-டி 40 வேண்டாம். பெட்ரோலியச் சாமான் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறாள், கேட்காதே. ப்ளீச் ஊற்றுகிறேன் என்றாயே, அதையும் இன்றோடு நிறுத்து. அதெல்லாம் ரப்பரைத் தின்றுவிடும்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் வளையம் கிழிந்திருக்கும், மாற்றத்தான் வேண்டும். சில மாடலில் கக்கூஸ் கிண்ணத்துக்குள்ளிருந்தே உருவி மாற்றலாம். சிலதில் தரையிலுள்ள நட்டுகளைக் கழற்றிக் கக்கூஸையே தூக்க வேண்டும். தூக்கினால் அடியிலுள்ள தரை சீலையும் புதிதாகப் போடு, பழசைத் திரும்ப வைக்காதே. நட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் பிளாஸ்டிக் விரிந்துவிடும். தூக்குவதற்கு ஒரு ஆள் துணை வேண்டும்.

மாப்பிள்ளை இருந்தால் பிடிப்பார். மூன்று ஞாயிறாக அவர் கடைக்குத்தான் போயிருக்கிறார்.

நீ அந்த வண்டியின் கூரையில் ஏறி நிற்கிற போட்டோவை டீக்கடையில் எல்லாருக்கும் காட்டினேன். இருபத்து நாலு அடி வண்டியை என் பெண் ஓட்டுகிறாள் என்றேன். பொங்கலுக்கு ஒரு போன் செய்ய மட்டும் உனக்கு நேரமில்லை. அம்மா இலை போட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, விடு.

கூரை ஃபேன் ஓடும்போது பெடலை மிதிக்காதே, டேங்கின் காற்றை அது உள்ளே இழுக்கும். டேங்கைக் காலி பண்ணியதும் ஒரு பக்கெட் தண்ணீராவது உள்ளே விடு. வெளி வால்வு எப்போதும் மூடியே இருக்கட்டும்; திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய்க் கட்டி தங்கிவிடும். கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கட்டும். அந்தக் குவார்ட்ஸ்சைட் பாலைவனத்தில் ரப்பர் சீக்கிரம் காயும். ஏப்ரல் 15 வரை அங்கே தங்கலாம் என்றாய். அதற்கு அப்புறம் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் நிற்கட்டும் பாப்பா.

முந்தின வருஷம் ஆடியில், பத்து நிமிஷம் பேசணும்ப்பா என்று கூப்பிட்டாய். பள்ளிக்கூடத்துப் பம்பு நின்றுபோச்சு, பிள்ளைகளுக்குத் தண்ணீர் இல்லை, வந்து பேசுகிறேன் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அங்கே பக்கத்திலேயே குழாய் இருந்தது. பம்பு மறுநாள்வரை தாங்கியிருக்கும். உன் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, என்ன சொல்லப் போகிறாய் என்று. கேட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்துதான் போனேன். ராத்திரி வந்தும் நான் கூப்பிடவில்லை. நீயும் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மாவுக்கு இது தெரியாது. பம்பு நின்றதென்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கிணற்றடி ரூமுக்கு வெள்ளை அடித்து, குழாயும் புதிதாகப் போட்டிருக்கிறேன். யாருக்கும் வாடகைக்கு விடவில்லை.

கிரீஸ் தடவியதும் கிண்ணத்தில் பாதி தண்ணீர் விட்டு, பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் படு. காலையில் தண்ணீர் கோட்டிலேயே நிற்கிறதா என்று எனக்குப் போன் பண்ணிச் சொல். உனக்குக் காலை ஏழு என்றால் இங்கே ராத்திரி ஏழரை. எந்த நேரமானாலும் கூப்பிடு. நான் எங்கேயும் போகமாட்டேன்.

அப்பா