குரோஷா குறிப்பு எந்த நாட்டுக் கணக்கில் என்று சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், குழந்தைகளுக்கான குளிர்காலக் குல்லாவை, முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசியால் பின்னும் முறை அண்மையில் ஒரு முழுப் பக்கத்துக்கு வெளியாகியிருந்தது. மேடும் பள்ளமுமாக வரிகள் ஓட, நடுவே குமிழ் குமிழாகப் புடைத்து நிற்கும் அந்தக் குல்லாவின் படத்தைப் பார்த்து, உதகையில் எங்கள் தெருவிலேயே நான்கைந்து பெண்கள் பெட்டிக்குள் கிடந்த ஊசியைத் தேடி எடுத்தார்கள். கைவேலைக்கு ஒரு நாளிதழ் இவ்வளவு இடம் தருவது அரிது என்பதால் அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அந்தக் குறிப்பை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியவர்களுக்குக் குல்லா சரியாக வரவில்லை. அது அவர்கள் கைத்தவறு அன்று. குறிப்பிலேயே ஒரு முக்கியமான செய்தி விடுபட்டிருந்தது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் தையலும் பின்னலும் கற்பித்தவள் என்ற முறையில் அதை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண் தன் ஐந்து வயது மகளுக்காக மூன்று இரவு கண்விழித்து அந்தக் குல்லாவைப் பின்னினாள். நான்காம் நாள் காலை அதைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், மூணு தடவை எண்ணிட்டேன், எண்ணிக்கையில தப்பே இல்ல. ஆனா வட்டம் படியவே மாட்டேங்குது" என்றாள். மேசை மேல் விரித்துப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. முதல் சுற்றில் 12, இரண்டாவதில் 24, மூன்றாவதில் 36, நான்காவதில் 48 என்று குறிப்பில் இருந்தபடியே கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், இருந்தன. ஆனால் தட்டையாக இருக்க வேண்டிய உச்சி, எண்ணெயில் பொரிந்த அப்பளம் போல ஓரமெல்லாம் நெளிந்து நின்றது. பின்னிக்கொண்டே போனால் சரியாகிவிடும் என்று நம்பி 15 சுற்றுகளையும் முடித்திருந்தாள். ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் ஆழம் வந்திருக்க வேண்டிய குல்லா அதில் பாதிதான் வந்திருந்தது. குழந்தையின் தலையில் வைத்துப் பார்த்தபோது, காதுக்கு இறங்காமல் பாத்திர மூடி போல உச்சியிலேயே உட்கார்ந்துகொண்டது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே தாழ்வான பகுதிகளில் அதிகாலை வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இறங்கி, உறைபனியில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். அந்த வேளையில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்குக் காதை மூடாத குல்லா இருந்தும் பயனில்லை.

இதன் காரணம் ஒரு பெயர்க் குழப்பம். குரோஷாப் பின்னலில் ஒரே தையலுக்குப் பிரிட்டனில் ஒரு பெயரும் அமெரிக்காவில் வேறொரு பெயரும் வழங்குகின்றன. பெயர்கள் முற்றிலும் வேறாக இருந்தாலாவது பிழைக்கலாம். ஒரே பெயர் இரண்டு நாடுகளில் இரண்டு வெவ்வேறு தையல்களைக் குறிப்பதுதான் தொல்லை. அமெரிக்கர்கள் 'சிங்கிள் குரோஷே' என்று சொல்லும் குட்டைத் தையலுக்குப் பிரிட்டிஷ் பெயர் 'டபுள் குரோஷே'. அமெரிக்கர்கள் 'டபுள் குரோஷே' என்பது அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமான தையல். அதற்குப் பிரிட்டிஷ் பெயர் 'ட்ரெபிள்'. ஆகவே 'டபுள் குரோஷே' என்று மட்டும் எழுதினால், படிப்பவர் யாரிடம் கற்றாரோ அதற்கேற்ப உயரமாகவோ குட்டையாகவோ பின்னிவிடுவார். நம் ஊரில் கான்வென்ட் பள்ளிகளிலும், அங்கே படித்த தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் கற்றவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் பெயர்களையே அறிவார்கள். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளோ பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில் எழுதப்பட்டவை. தங்கள் இணைப்பில் வந்ததும் அமெரிக்கக் கணக்கிலான குறிப்புதான் என்பது எண்ணிக்கையைப் பார்த்தவுடனே தெரிந்தது. சுற்றுக்குப் 12 கண்ணி கூட்டினால் உயரமான தையலுக்கு வட்டம் தட்டையாகப் படியும். குட்டைத் தையலுக்குச் சுற்றுக்கு 6 கூட்டினாலே போதும். குட்டைத் தையலில் 12 கூட்டினால், வட்டத்தின் ஓரத்தில் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு கண்ணிகள் நெருக்கியடித்து நிற்கும். இடமில்லாத ஓரம் நெளியாமல் என்ன செய்யும்? பக்கத்து வீட்டுப் பெண் தன் தாயிடம் கற்றவள். அந்தத் தாய் கான்வென்டில் கற்றவர். குறிப்பில் இருந்த 'டபுள் குரோஷே'யை அவள் தனக்குத் தெரிந்தபடியே பின்னியிருக்கிறாள்.

இதற்கு நான் ஒரு வழி சொல்ல விரும்புகிறேன். தமிழில் குறிப்பு எழுதுவோர் இரண்டு நாட்டுப் பெயர்களையும் விட்டுவிட்டு, கண்ணிக்குள் நுழைக்கும் முன் ஊசியில் நூலை எத்தனை முறை சுற்றுகிறோம் என்பதைக் கொண்டே தையலைச் சொல்லலாம். ஒரு முறையும் சுற்றாமல் நுழைத்துப் பின்னுவது குட்டைத் தையல். அதைச் 'சுற்றாத் தையல்' எனலாம். ஒரு முறை சுற்றி நுழைத்து, நூலை இழுத்த பிறகு ஊசியில் இருக்கும் மூன்று கண்ணிகளை இரண்டிரண்டாகக் கழற்றினால் அது 'ஒரு சுற்றுத் தையல்'. அதே மூன்றையும் ஒரே இழுப்பில் கழற்றினால் உயரம் சற்றுக் குறையும். 'அரைத் தையல்' என்று அதைப் பிரித்துச் சொல்லலாம். இரண்டு முறை சுற்றினால் 'இரு சுற்றுத் தையல்'. என் வகுப்பில் பல ஆண்டுகள் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். மாணவியின் கை என்ன செய்கிறதோ அதையே பெயரும் சொல்வதால் ஒரு பிள்ளைகூடக் குழம்பியதில்லை. இந்தப் பெயர்கள் தங்களுக்கு ஏற்புடையவையாக இல்லாவிட்டால், குறிப்பின் தலைப்பின் கீழே 'அமெரிக்க முறை' என்றோ 'பிரிட்டிஷ் முறை' என்றோ இரண்டே சொல் அச்சிட்டால்கூடப் போதும். ஊசி விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. குறிப்பில் எண் 8 ஊசி என்று மட்டும் இருந்தது. பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் 8 என்பது 4 மில்லிமீட்டர் ஊசி, எண் 6 என்பது 5 மில்லிமீட்டர் ஊசி. எண் ஏற ஏற ஊசி மெலியும். இதை அறியாதவர் தலைகீழாக வாங்கிவிடுவார். மில்லிமீட்டரில் சொன்னால் எந்தக் கடைக்காரரும் சரியான ஊசியை எடுத்துத் தருவார்.

அடுத்தது அளவு. '3 முதல் 6 வயது வரை' என்று எழுதியிருந்ததே தவிர, தலைச் சுற்றளவு எங்கும் இல்லை. வயது எதுவானாலும் புருவத்துக்கும் காதுக்கும் சற்று மேலே டேப்பை வைத்து, பின்மண்டையின் புடைப்பான இடத்தைச் சுற்றி அளந்து பார்த்துத்தான் பின்ன வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் 50 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். பின்னல் இழுபடும் என்பதால் குல்லா தலையைவிட 3 முதல் 5 சென்டிமீட்டர் சிறிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடி விளையாடும்போது கண்ணை மறைக்கும். 45 சென்டிமீட்டர் குல்லா வேண்டுமென்றால் உச்சி வட்டத்தின் குறுக்களவு 14 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்ட வேண்டும். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் கிடைக்கும் இந்த எண்ணை அறிந்தால், கண்ணி கூட்டுவதை எங்கே நிறுத்துவது என்பது தானே விளங்கும். ஆனால் ஒருவர் கை இறுக்கமாகப் பின்னும், மற்றொருவர் கை தளர்வாகப் பின்னும். அதனால் குல்லாவைத் தொடங்கும் முன் ஒரு சிறு சதுரம் பின்னி, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணியே ஆக வேண்டும். என் கைக்கு நடுத்தர உல்லன் நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் கொண்டு ஒரு சுற்றுத் தையலில் 16 கண்ணி வரும். 72 கண்ணிக்கு 45 சென்டிமீட்டர். அந்த எண் எனக்குப் பொருந்துவது. எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் சதுரத்தின் கணக்கைக் குறிப்பில் அச்சிடுவது அவசியம் என்கிறேன்.

இனி அந்த மேடு பள்ளம். அது அழகுக்காக மட்டும் இடுவதன்று. குரோஷாப் பின்னலில் கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கும். உதகைக் காற்று அதற்குள் தாராளமாகப் புகும். மேல் கண்ணியில் ஊசியை நுழைக்காமல், கீழ்ச் சுற்றுத் தையலின் தண்டையே, அதாவது அதன் நிமிர்ந்து நிற்கும் நடுப்பகுதியையே, முன்பக்கமிருந்து சுற்றிப் பிடித்துப் பின்னும்போது, அந்தத் தண்டு முன்னே துருத்திக்கொண்டு மேடாகும். துணி தடித்து, இடைவெளி அடைபட்டு, இடையில் தங்கும் காற்று வெதுவெதுப்பைப் பிடித்து வைக்கும். சுற்றாத் தையலுக்குத் தண்டே கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும்; அதனால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குல்லாவில் மேடு ஒன்றும் எழவில்லை. மேட்டு வரிகளுக்கு இன்னொரு குணமும் உண்டு: பின்னலை உள்ளுக்கு இழுத்துக் குறுக்கிவிடும். ஆகவே மூன்று நான்கு சுற்று பின்னியதும் குழந்தையின் தலையில் ஒருமுறை வைத்துப் பார்த்து, இறுகினால் பிரித்து நான்கு கண்ணி கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மேடு, இரண்டு பள்ளம் என்று போகும் வரிக்கு மொத்த எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும் என்பதால் நான்கு என்கிறேன். குமிழ்கள் எந்தப் பக்கம் புடைக்கும் என்பதைப் பற்றிக் குறிப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஒரே கண்ணியில் ஐந்து தையல்களைப் பாதியில் நிறுத்தி, கடைசியில் சேர்த்து இழுக்கும் குமிழ், பின்னுகிறவரின் எதிர்ப்புறம்தான் புடைக்கும். குல்லாவை வட்டமாகப் பின்னும்போது வெளிப்புறம் எப்போதும் நம்மைப் பார்த்தே இருப்பதால் குமிழ் உட்புறம் போய்விடும். அந்தச் சுற்றுக்கு மட்டும் வேலையைத் திருப்பிக்கொண்டு, உட்புறம் நம்மைப் பார்க்கப் பின்ன வேண்டும். 'திருப்பவும்' என்ற ஒரு சொல் விடுபட்டதால் அந்தக் குழந்தையின் நெற்றியின் மேல் ஓரத்தில் ஆறு குமிழ்கள் உள்ளிருந்து அழுத்தின. குல்லாவைக் கழற்றியபோது சிவந்த தடம் தெரிந்தது.

நூலைப் பற்றி ஒரு சொல். கடைகளில் 'உல்லன்' என்று விற்கும் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக். அது மலிவு, மென்மையானது, துவைக்க எளிது. அன்றாடப் பள்ளிக் குல்லாவுக்கு அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அக்ரிலிக் தீயில் உருகித் தோலில் ஒட்டும். இந்த மலையில் மாலையானால் பிள்ளைகள் கரி அடுப்பைச் சுற்றித்தான் உட்காருவார்கள். தாய்மார் இதை அறிந்திருக்க வேண்டும். ஆட்டு ரோமத்தில் திரித்த அசல் கம்பளி நூல் எளிதில் தீப்பற்றாது, உருகவும் செய்யாது. கொஞ்சம் நனைந்தாலும் வெதுவெதுப்பை விடாது. வெந்நீரில் போட்டு அலசினால் மட்டும் சுருங்கி ஒரு பொம்மைக்குத்தான் ஆகும். தாடையில் கட்ட நீளமான கயிறும், சிறு பிள்ளைக்கு இழுத்தால் கழன்று வரும் பொத்தானும் வைப்பதைத் தவிர்க்கும்படியும், கைக்குழந்தைகளைக் குல்லாவோடு தூங்க வைக்க வேண்டாம் என்றும் குறிப்பின் அடியில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் குல்லாவை நாங்கள் இருவருமாக உட்கார்ந்து பிரித்தோம். சுருண்டு வந்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, ஈரத் துணியால் ஒற்றி உலர்த்தி நேராக்கி, அதே நூலில் அவள் மறுபடியும் பின்னினாள். ஒரு சுற்றுத் தையலில் உச்சி ஆறு சுற்றில் தட்டையாகப் படிந்து முடிந்தது. மீதி ஒன்பது சுற்றில் காது மடல் முழுவதும் மறைந்தது. உயரமான தையலுக்கு நூல் கூடுதலாகத் தேவைப்பட்டதால் கடைசி மூன்று சுற்றுகளை வேறு நிறத்தில் முடித்தாள். அதே தெருவில் மற்ற மூன்று பேர் 'எனக்கு இது வராது' என்று சொல்லிப் பாதியிலேயே ஊசியைப் பெட்டியில் போட்டுவிட்டதை எண்ணித்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அந்தக் குறிப்பின் திருத்தத்தை அதே இணைப்பில், தையல் முறை, ஊசியின் மில்லிமீட்டர், நூலின் தடிமன், சதுரத்தின் கணக்கு, தலைச் சுற்றளவு, குமிழ்ச் சுற்றில் திருப்பும் குறிப்பு ஆகியவற்றோடு வெளியிட வேண்டுகிறேன். இனி இத்தகைய குறிப்புகளை அச்சுக்கு அனுப்பும் முன் யாரேனும் ஒருவர் ஒருமுறை பின்னிப் பார்ப்பது நல்லது. ஆள் கிடைக்காவிட்டால் நானே பின்னிப் பார்த்துத் தருகிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
உதகமண்டலம்.