ஸ்டெப்னி இல்லாத ஞாயிறு

பெரம்பூர்,
புதன் இரவு

டேய் மணி,

தீபாவளிக்கு நீ எழுதினதுக்கு இப்பத்தான் பதில். திட்டறதை மொத்தமா சேர்த்து வெச்சுக்கோ, நேர்ல வாங்கிக்கறேன். அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு? நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்து மூணு வாரமாச்சுன்னு தங்கச்சிகிட்ட சொல்லு. இங்க எல்லாரும் சௌக்கியம். எனக்கு சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, அந்தப் பேச்சு வேண்டாம்.

போன்ல சொன்னா நீ நடுவுல சிரிச்சே கெடுத்துடுவே. அதனாலதான் பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன். போன ஞாயித்துக்கிழமை நான் டிராக் (drag) ரேஸ் ஓட்டினேன்.

சிரிச்சு முடிச்சியா? சரி.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்துலதான். பசங்க கொஞ்ச பேர் சேர்ந்து காலைல சில மணி நேரம் தடத்தை வாடகைக்கு எடுத்திருந்தாங்க. ஹெல்மெட் இருந்தா போதும், வீட்டு வண்டியே ஓட்டலாம்னு என் சின்னப் பொண்ணு எங்கிருந்தோ கேட்டுட்டு வந்தா. நேர்கோட்டுல 402 மீட்டர், அதாவது கால் மைல், யார் சீக்கிரம் தாண்டறாங்கன்னு பார்க்கறது, அவ்வளவுதான். வண்டி என் பழைய ஸ்விஃப்ட், 1.3 பெட்ரோல். கொத்தவால்சாவடிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போற அதே வண்டி, அதே டயர். சோழவரத்துல ரேஸ் பார்க்க வேலி தாண்டிக் குதிச்சு, யுத்த காலத்து விமான ஓடுதளத்து ஓரத்துல ரேஸ் வண்டிங்க விட்ட விளக்கெண்ணெய்ப் புகையை இழுத்துக்கிட்டு நின்னோமே, அன்னிக்கு நீ என்ன சொன்னே? "உனக்கெல்லாம் மாட்டு வண்டிதான்"னு. இந்தக் கடிதத்துல பாதி அதுக்குப் பதில்.

முதல் ஓட்டம் மானக்கேடு. பக்கத்துல நின்ன ஒரு பையன், "அங்கிள், தண்ணில நிறுத்தி டயரைச் சுத்த விடுங்க, சூடாகும், அப்பதான் பிடிக்கும்"னான். நானும் படத்துல பார்த்திருக்கேனே! கோட்டுக்கு முன்னாடி அதுக்குன்னே கொட்டி வெச்சிருந்த தண்ணிக்குள்ள நிறுத்தி மிதிச்சேன். புகை, சத்தம், கைதட்டல் எல்லாம் ஆச்சு. கோட்டுல போய் நின்னேன். மஞ்ச விளக்கு மூணும் இறங்கிப் பச்சை வந்ததும் 4500 ஆர்பிஎம்ல கிளட்சை விட்டேன் பாரு, இன்ஜின் ஊளையிடுது, வண்டி அங்கேயே நிக்குது. கோயில் யானை மாதிரி ஆடி அசைஞ்சு கிளம்பிச்சு. முதல் 60 அடிக்கு 3.0 செகண்டு, கடைசில 19.5. பக்கத்து லேன்ல ஓட்டினவன் எல்லையைத் தாண்டிப் போய்ட்டு, ஹெல்மெட்டைக் கழட்டிட்டு எனக்காகக் காத்திருந்தான்.

சின்னவதான் புரிய வெச்சா. தண்ணில சூடு பண்றதெல்லாம் பந்தயத்துக்குன்னே செய்யற மொழுக்குன்னு இருக்கற ஸ்லிக் டயருக்காம். நம்ம ரோட்டு டயர்ல பள்ளம் பள்ளமா வெட்டு இருக்கே, அது தண்ணியை வாரிக்கிட்டுப் போய் நாம கிளம்பற இடத்துலயே ஊத்தும். மேல சூடும் அளவுக்கு மீறினா ரப்பர்ல இருக்கற எண்ணெய் மேல வந்து வெண்ணெய் தடவின மாதிரி ஆயிடும். அதனால தண்ணியைச் சுத்திக்கிட்டுப் போகணும். காஞ்ச இடத்துல அரை நொடி சுத்த விட்டா மணலும் பொடிக்கல்லும் உதிரும், அது போதும்.

இன்னொரு விஷயம் சொன்னா, அதுல நான் விழுந்துட்டேன். 29சி பஸ்ல ஃபுட்போர்டுல தொங்குவோமே, டிரைவர் வண்டியை எடுத்ததும் மொத்தக் கூட்டமும் பின்னால சாயும் இல்ல? கார்லயும் அப்படித்தான். கிளம்பற நொடியில பாரம் பின்னால போகுது. நம்ம வண்டியில இழுக்கறது முன் சக்கரம். 1000 கிலோ வண்டியில முன்னாடி 600 கிலோ உட்கார்ந்திருக்குன்னு வை. வேகமா கிளம்பினா அதுல ஏறக்குறைய 90 கிலோ பின்னால போயிடுமாம், பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டினா. எந்தக் கால் இழுக்கணுமோ அந்தக் காலையே தூக்கி நிக்கற மாடு! நீ சொன்ன மாட்டு வண்டி இதுதான்டா.

அதுக்கப்புறம் அவ பண்ணின வேலையைக் கேளு. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி, உங்க அண்ணி வெச்ச அரிசிப் பை எல்லாத்தையும் எடுத்துக் கீழே போட்டா. பின் சக்கரத்துக்கும் பின்னால கனம் குறைஞ்சா முன்னாடி அழுத்தம் கூடும், அந்தக் கணக்கு. முன் டயர்ல காத்தை 32-லேர்ந்து 26-க்கு இறக்கினா, பின்னால 38-க்கு ஏத்தினா. டயர் குறுக்கே சாக்பீஸால ஒரு கோடு போட்டுட்டு வண்டியை மெதுவா உருட்டச் சொன்னா. கோடு முழுசா ஒரே மாதிரி அழிஞ்சா டயர் முழு அகலமும் தரையில உட்காருதுன்னு அர்த்தம். நடுவுல மட்டும் அழிஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரம் மட்டும் அழிஞ்சா கம்மி. எத்தனை வருஷமா வண்டி ஓட்டறேன், இது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, நடிக்காதே.

பிறகு அவளே ஓட்டினா. கிளம்பும்போது வெறும் 2000 ஆர்பிஎம். கிளட்சை விட்டதும் விடாததுமா நழுவ விட்டு, ஆக்ஸிலரேட்டர்ல பாதிதான் கால், வண்டி நகர்ந்து பிடிச்சப்புறம்தான் முழு மிதி. டயர் லேசா வழுக்கணுமாம், ஒரு பத்து பதினைந்து சதவீதம். அங்கதான் பிடி உச்சம். அதுக்கு மேல சுத்தினா வெறும் புகைதான். 60 அடிக்கு 2.6, கடைசில 18.8! ஒரே வண்டி, ஒரே டயர், ஓட்டினவ என்னைவிட முப்பது வயசு சின்னவ.

எனக்குப் பொறுக்குமா? 26-க்கே இப்படின்னா 20-க்கு எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியாம இன்னும் காத்தைப் பிடுங்கினேன். ரேடியல் டயர் தொங்கிப்போச்சு, ஓரம் ரெண்டும்தான் தரையில. 19.1. பேராசைக்கு 0.3 செகண்டு அபராதம்.

அப்பத்தான் டயர் பக்கவாட்டுல இருந்த எண்ணைப் பார்த்தேன். 0819. அதாவது 2019-ல எட்டாவது வாரம் செஞ்ச டயர். 2023-ல "இப்பத்தான் சார் லோடு இறங்குச்சு"ன்னு சொல்லி எனக்கு வித்தான் ஒரு புண்ணியவான். நாலு வருஷம் தகர ஷெட்டுல வெந்த ரப்பர் ரோட்டை எங்க பிடிக்கும்? கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அந்தக் கதைக்குத் தனிக் கடிதம் வேணும்.

மணி, இதுவரைக்கும் சிரிக்கத்தான் எழுதினேன். திரும்பி வந்ததைச் சொல்றேன்.

வெயில் ஏறிடுச்சு, பசி வேற. முன்னாடி 20, பின்னாடி 38, அப்படியே கிளம்பிட்டேன். ஸ்டெப்னி தடத்துலயே, வண்டியைத் தயார் பண்ற பிட்ல சுவர் ஓரம் கிடக்கு, அதுவும் ஞாபகம் இல்லை. பெங்களூர் ஹைவேல எண்பதுல வரும்போது முன்னால ஒரு கன்டெய்னர் லாரி திடீர்னு பிரேக் போட்டான். ஸ்டியரிங்கைத் திருப்பினா, கூழ்ல கரண்டி சுத்தற மாதிரி இருக்கு. முன்னாடி பிடிச்சு உட்காராம, பின்னாடி மட்டும் தனியா இழுத்துக்கிட்டுப் போகுது. ஒரு முழம் இடைவெளியில நின்னோம். சின்னவ ஒண்ணும் பேசலை. டேஷ்போர்டு மேல ரெண்டு கையையும் வெச்சபடியே பூந்தமல்லி வரைக்கும் வந்தா. அங்க பங்க்லதான் காத்து பிடிச்சேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. சேகர் ஞாபகம். அவன் வண்டியோட பின் டயரை போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நீ குனிஞ்சு தடவிப் பார்த்தே. ஒண்ணும் சொல்லலை. முப்பது வருஷமா நானும் கேட்கலை.

இதை ஏன் சொல்றேன்னா, உன் பையன் வீடியோ ஒண்ணு சின்னவ போன்ல வந்திருக்கு. ராத்திரி, பைபாஸ், ரெண்டு பைக். ரெண்டு பேருக்கும் ஹெல்மெட் இல்லை. கிளம்பும்போது இவன் வண்டியோட பின்பக்கம் ஒரு முழம் பக்கவாட்டுல போய் நேராச்சு. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். டயர் வழுக்கை மணி. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சின்னவ சத்தியம் வாங்கினா. நான் கடிதத்துலதானே சொல்றேன்.

அடிக்காதே. சாவியையும் பிடுங்காதே. உங்கப்பா உன் சாவியைப் பிடுங்கினப்போ நீ என்ன பண்ணினேன்னு எனக்குத் தெரியும், தங்கச்சிக்குத்தான் தெரியாது. அடுத்த மாசம் அந்தப் பசங்க மறுபடியும் தடத்தை எடுக்கறாங்க. பையனைக் கூட்டிக்கிட்டு வா. சனிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏறினா விடிகாலை சென்ட்ரல், நான் வந்து நிக்கறேன். அவன் பைக்கை முன்கூட்டியே ரயில் பார்சல்ல போட்டுடு. கட்டணம் என்னது, புது டயர் உன்னது. வாங்கும்போது அந்த நாலு எண்ணைப் பார்த்து வாங்கு. சின்னவ சாக்பீஸோட இருப்பா.

ஸ்டெப்னி இன்னும் அங்கதான் இருக்கு. வாட்ச்மேன் உள்ளே எடுத்து வெச்சிருக்கேன்னு போன்ல சொன்னார். நாப்பது கிலோமீட்டர் அதுக்குன்னு தனியா போக எனக்கு முடியாது. நீ வர்ற அன்னிக்கு எடுத்துக்கலாம். அரிசிப் பையும் அங்கதான், உங்க அண்ணிக்கு இன்னும் தெரியாது.

உன்,
வாசு

ஊறுகாயை மறக்காதே. சுகர்ன்னு சொன்னதை தங்கச்சிகிட்ட சொல்லிடாதே, உப்பு குறைச்சுப் போட்டு அனுப்பிடுவா.